வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற நம்ம ஊர் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, முத்துப்பேட்டை, அறந்தாங்கின்னு நம்ம பக்கமெல்லாம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிட்டிருக்கற அண்ணன்களே, வணக்கம். சென்னையிலயும் மும்பையிலயும் லைசென்ஸ் மாட்டி ஆபீஸ் வச்சிருக்கவங்களுக்கு இந்த மடல் இல்ல. அவங்களுக்கு ஊர்லேருந்து பாஸ்போர்ட் வாங்கி அனுப்புற உங்களுக்குத் தான் எழுதுறேன். ஏன்னா ஒருத்தன் போறதா வேணாமான்னு முடிவாகுறது சென்னையில இல்ல, உங்க வீட்டு திண்ணையில. "அண்ணன் சொல்லிட்டாரு, நல்ல கம்பெனியாம்" அப்படின்னு ஒரு வார்த்தைய நம்பி பொண்டாட்டி தாலிக்கொடிய கழட்டி கொடுக்குறா, அந்த நம்பிக்கை கலெக்டர் சொன்னா கூட வராது.

நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ப்ரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். பாஸ்போர்ட் அப்ளிகேஷன், போலீஸ் சர்டிபிகேட், மெடிக்கலுக்கு ஸ்லிப் போடுறது, டிக்கெட் பிரிண்ட் எடுக்குறதுன்னு உங்க ஆளுங்க பேப்பர் பூரா என் கை வழியா தான் போகுது. அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காசு வாங்கறதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட தமிழ்ல அவன் கையில கொடுங்க, ஒரு ராத்திரி அத அவன் வீட்ல வச்சு படிக்கட்டும். அவ்ளோ தான் கேக்குறேன்.

"பேப்பர் அரபியில தாம்பா வரும், அவனுக்கு என்ன புரியப் போவுது" அப்படின்னு பல பேரு சொல்லி கேட்டிருக்கேன். துபாய், அபுதாபி, ஷார்ஜான்னு எமிரேட்ஸ் எதுக்கு போனாலும் சரி, அங்க உள்ள தொழிலாளர் அமைச்சகம் 2016-லேருந்தே ஆஃபர் லெட்டர அரபி, இங்கிலீஷ் கூட மூணாவதா தொழிலாளிக்கு புரியிற மொழியிலயும் கொடுக்கணும்னு வச்சிருக்கு, அந்த மொழி லிஸ்ட்ல தமிழ் இருக்குண்ணே. இந்தி, மலையாளம், உருது எல்லாத்தோடயும் தமிழும் இருக்கு. அவன் கையெழுத்து போட்ட ஆஃபர் லெட்டர் இல்லாம வேலை விசாவே அடிக்க மாட்டாங்க. கத்தாருக்குன்னா சென்னையிலயே அவங்க விசா சென்டர் இருக்கு, கைரேகை, மெடிக்கல், கான்ட்ராக்ட் கையெழுத்து எல்லாம் ஏறறதுக்கு முன்னாடி இங்கயே முடியுது. ஆக பேப்பர் இருக்கு, அத கேட்டு வாங்கி அவன் கண்ணுல காட்டுறதுக்குத் தான் ஆள் இல்ல. தமிழ்ல வரலன்னா இங்கிலீஷ்ல உள்ளத தமிழ்ல எழுதி கொடுக்க ஒரு மணி நேரம் கூட ஆவாது.

அதுல என்ன பாக்கணும்ங்கறதயும் சொல்றேன், ஏன்னா நீங்க எல்லாருமே "மொத்தம் 1200 திர்ஹம்"னு ஒரே நம்பர தான் சொல்றீங்க. அந்த 1200-ல பேசிக் எவ்ளோ, சாப்பாட்டுக்கு எவ்ளோ, மத்த அலவன்ஸ் எவ்ளோன்னு பிரிச்சு எழுதியிருப்பாங்க, விஷயம் பூரா அதுல தான் இருக்கு. ஓவர்டைம் காசு பேசிக்க வச்சு தான் கணக்கு. முடிச்சுட்டு வரும்போது கொடுக்குற கிராஜுவிட்டியும் பேசிக்க வச்சு தான், முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷம் ஒண்ணுக்கு 21 நாள் பேசிக் சம்பளம். ஒருத்தனுக்கு பேசிக் 1000, இன்னொருத்தனுக்கு பேசிக் 600, ரெண்டு பேருக்கும் மொத்தம் அதே 1200-ன்னு வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு முதல் ஆளு 3500 திர்ஹம் வாங்கிட்டு வருவான், ரெண்டாவது ஆளுக்கு 2100 தான். திர்ஹம் 23 ரூபான்னு போட்டாலும் 32 ஆயிரம் ரூபா வித்தியாசம், அதுவும் கடைசி நாள்ல, ஓவர்டைம்ல மாசாமாசம் கொறையிறது தனி. இத கேக்கணும்னு அவனுக்கு தெரியாது, உங்களுக்கு தெரியும்.

அடுத்து வேலை பேரு. எலக்ட்ரீஷியன்னு சொல்லி அனுப்புறீங்க, விசாவுல ஆமில்னு இருக்கு, அதாவது வெறும் லேபர். போய் எறங்குனப்புறம் "எனக்கு எலக்ட்ரீஷியன் சம்பளம் கொடு"ன்னு அவன் எந்த கோர்ட்ல கேப்பான்? குவைத்துல இது இன்னும் மோசம். 18-ம் நம்பர்னா கம்பெனி விசா, நம்மாளுங்க ஷூன் விசாம்பாங்க, 20-ம் நம்பர்னா வீட்டு வேலை விசா, காதிம் விசா. இருபதுல போனவனுக்கு சட்டமே தனி, வெளிய கடையில கம்பெனியில வேலை பாத்து மாட்டுனா ஊருக்கு ஏத்தி விட்ருவாங்க. வீட்ட சுத்தம் பண்ற வேலைன்னு கூட்டிட்டு போய் பாலைவனத்துல ஆடு ஒட்டகம் மேய்க்க விட்ட கதைங்க நம்ம பக்கத்துல புதுசு இல்ல. 18-ஆ 20-ஆங்கற ஒரு நம்பர முன்னாடியே பாத்திருந்தா பாதி பேரு போயிருக்க மாட்டான். சவுதிக்கு "ஃப்ரீ விசா, எங்க வேணா வேலை பாத்துக்கலாம்"னு விக்கிறதும் இதே தான், கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி ஒருத்தன், வேலை இன்னொருத்தன்கிட்ட, சண்டை வந்தா கஃபீல் ஒரு ஹுரூப், அதாவது ஆளக் காணோம்னு புகார் போட்டு விட்டான்னா நம்மாளு ஓடிப்போனவன்னு ஆயிடுவான்.

இப்ப விசிட் விசாவுக்கு வரேன், எனக்கு ரொம்ப மனசு எரியிற இடம் இது. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட் இசிஆர், அதாவது வேலைக்கு போக அரசாங்க கிளியரன்ஸ் வாங்க வேண்டிய பாஸ்போர்ட்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க வளைகுடா, மலேசியா உள்பட 18 நாட்டுக்கு வேலைக்கு போகணும்னா குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீஸ் கிளியரன்ஸ் வேணும், அதுக்கு இ-மைக்ரேட்ங்கற அரசாங்க சைட்ல கம்பெனி பேரு ஏறணும், கான்ட்ராக்ட் ஏறணும், இன்சூரன்ஸ் போடணும். இது நாலு நாள் இழுக்கும்னு சொல்லி "விசிட்ல போ, அங்க போய் மாத்திக்கலாம்"னு அனுப்புறீங்க. அந்த நாலு நாள மிச்சம் புடிக்கறதுல அவன் எத விட்டுட்டு போறான் தெரியுமா? ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா பிரீமியம், விபத்துல செத்தாலோ கை கால் போயி நிரந்தரமா முடங்குனாலோ பத்து லட்ச ரூபா, பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு பேரு. 275 ரூபா அண்ணே, என் கடையில மூணு பேரு பிரிண்ட் எடுத்தா அந்த காசு. 2024 ஜூன் 12 அன்னைக்கு குவைத் மங்காஃப்ல கேம்ப் கட்டடம் தீப்பிடிச்சு நாப்பதுக்கு மேல நம்ம நாட்டுக்காரங்க போனாங்க, அதுல 7 பேரு தமிழ்நாடு. அன்னைக்கு காலையில கடையில உக்காந்து டீவிய பாத்துட்டு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டு ஆளுக்கு போன் அடிச்சுகிட்டு இருந்தத பாத்தப்புறம் விசிட்ல போனா என்னங்கற பேச்ச என்னால லேசா எடுத்துக்க முடியல.

பொம்பளைங்க விஷயத்துல இன்னும் கண்டிப்பா இருங்க. இசிஆர் பாஸ்போர்ட்ல வீட்டு வேலைக்கு போறவங்களுக்கு 30 வயசு முடிஞ்சிருக்கணும், அதுவும் அரசாங்க நிறுவனம் வழியா தான் போகணும், நம்ம மாநிலத்துல அதுக்குன்னு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லேருந்தே இருக்கு. 24 வயசு புள்ளைய விசிட்ல ஏத்தி விடாதீங்க. தயவு செஞ்சு.

காசு கணக்கையும் பேசிடுவோம். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் சட்டப்படி ஒருத்தன்கிட்ட வாங்கலாம்னு இருக்கறது 30,000 ரூபா, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 35,400, அதுக்கும் ரசீது கொடுக்கணும். எமிரேட்ஸ் சட்டத்துலயோ ஆள் எடுக்குற செலவ கம்பெனி தான் ஏத்துக்கணும், தொழிலாளி தலையில கட்டக் கூடாது. என் கடையில உக்காந்து பேசுறவங்க சொல்ற தொகை லட்சத்துக்கு கீழ எறங்குறதே இல்ல. அதுல உங்க கைக்கு வர்றது பத்தாயிரமோ பதினஞ்சாயிரமோ தான்னு எனக்கும் தெரியும், மேல மேல போகுது, சில எடத்துல அந்த கம்பெனியில உள்ளவனே விசாவ விக்கிறான். ஆனா வட்டி கட்டுறது அவன் ஒருத்தன் தான். ஒரு லட்சத்துக்கு மூணு வட்டின்னா மாசம் 3,000, வருஷத்துக்கு 36,000, அசல் அப்படியே நிக்கும். சம்பளம் 1000 திர்ஹம் வாங்குறவன் சாப்பாடு, போன் போக அனுப்புறது 650-ன்னா நம்ம காசுக்கு 15 ஆயிரம் தான் வருது, அதுல அஞ்சுல ஒரு பங்கு வட்டிக்காரன் எடுத்துக்குறான், மிச்சத்துல வீட்டு செலவு, புள்ள ஃபீஸ். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முடிஞ்சு வந்தா கடன் மட்டும் தான் அடைஞ்சிருக்கும், சில பேருக்கு அதுவும் இல்ல.

சட்டம்னு பாத்தா 1983-ல வந்த குடிபெயர்வு சட்டப்படி பதிவு இல்லாம ஆள் அனுப்புனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 2,000 ரூபா வரைக்கும். அந்த ரெண்டாயிரத்த காட்டி யாரையும் பயமுறுத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும், பயமுறுத்த வரவும் இல்ல. நீங்களும் ஒரு காலத்துல கேம்ப்ல எட்டு பேரோட ஒரே ரூம்ல படுத்தவங்க, ஐம்பது டிகிரி வெயில்ல நின்னவங்க, அதனால தான் இத உங்ககிட்ட பேசுறேன்.

இப்ப புதுசா தாய்லாந்து, கம்போடியான்னு டிப்ளமா முடிச்ச பசங்கள "டேட்டா என்ட்ரி, மாசம் எண்பதாயிரம்"னு சேக்குறாங்க. தாய்லாந்துக்கு விசா வேணாம்ங்கறது அவங்களுக்கு வசதியா போச்சு. பாங்காக்ல எறக்கி ராவோட ராவா பார்டர் தாண்டி மியான்மர்ல உள்ள மியாவாடி பக்கம் கொண்டு போய் பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சுகிட்டு ஆன்லைன்ல ஊர ஏமாத்துற வேலை செய்ய சொல்லி அடிக்கிறாங்க. 2022-லேருந்தே நம்ம பசங்கள மீட்டு கொண்டு வந்துட்டு தான் இருக்காங்க. இதுக்கு தமிழ்ல கான்ட்ராக்ட் கேக்கக் கூட வேணாம், எவன் கேட்டாலும் ஆள் கொடுக்காதீங்க.

ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் நேரம் உக்காந்து பேசுங்கண்ணே. அரசாங்கமே ஒரு நாள் பயிற்சி இலவசமா கொடுக்குது, வெளிநாடு போறதுக்கு முன்னாடி கொடுக்குற பிடிஓடின்னு, அதுக்கு அனுப்பி வைங்க. சவுதிக்கு பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக்னு போறவனுக்கு இங்கயே ஸ்கில் டெஸ்ட் இருக்கு, அத முன்னாடியே சொல்லுங்க, கடைசி வாரத்துல சொல்லி டென்ஷன் ஏத்தாதீங்க. அம்மா அரைச்சு கொடுக்குற மசாலாவுல கசகசா இருக்கான்னு கேளுங்க, நம்ம குழம்புக்கு போடுற அதே கசகசா எமிரேட்ஸ்லயும் சவுதிலயும் போதைப்பொருள் கணக்கு, கொஞ்சூண்டு இருந்தாலும் ஜெயில். மூட்டு வலிக்கு, இருமலுக்குன்னு மெடிக்கல்ல வாங்குற மாத்திரை மருந்துலயும் டிராமடால், கோடீன் உள்ளது அங்க ஆகாது, டாக்டர் சீட்டு இருந்தாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். பக்கத்து தெருக்காரங்க கொடுக்குற பார்சல பிரிச்சு பாக்காம பெட்டியில வைக்கக் கூடாதுன்னு அவன் பொண்டாட்டிகிட்டயும் சேத்து சொல்லுங்க, ஏன்னா பெட்டி கட்டுறது அவங்க தான். விசா, கான்ட்ராக்ட், பாஸ்போர்ட் முதல் பக்கம், கம்பெனி அட்ரஸ் எல்லாம் ஒரு காப்பி வீட்டு பீரோவுல இருக்கட்டும். ஏதாவது ஆச்சுன்னா மதத்னு வெளியுறவுத்துறை போர்ட்டல் இருக்கு, அதுல புகார் போட வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறதே இந்த காப்பிய தான், பாதி பேருகிட்ட கம்பெனி பேரு கூட இருக்காது.

கான்ட்ராக்ட காட்டுனா ஆளு ஓடிருவான், தொழில் படுத்துரும்னு உங்களுக்கு யோசனை இருக்கும். ஓடுற ஆளு, போயிருந்தா மூணாவது மாசம் உங்க வாசல்ல வந்து நிக்கப் போற ஆளு. பேப்பர படிச்சு புரிஞ்சு போறவன் அங்க நிலைச்சு நிப்பான், அடுத்த வருஷம் தம்பிய, மச்சான உங்ககிட்ட தான் அனுப்புவான்.

இத உங்க தலையில மட்டும் போட்டுட்டு நான் சும்மா இருக்கப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை காலையில கடைய திறந்து வைக்கிறேன். ஆஃபர் லெட்டரோ கான்ட்ராக்டோ எதுவா இருந்தாலும் நீங்களே போறவன கூட்டிட்டு வாங்க, அவன் வீட்டுக்காரியும் வரட்டும், வரி வரியா தமிழ்ல சொல்லி, எழுதியும் கொடுத்துர்றேன், காசு வேணாம். எமிரேட்ஸ் ஆஃபர் லெட்டர் உண்மையா பொய்யான்னு அந்த அமைச்சகத்தோட சைட்லயே நம்பர போட்டு பாக்கலாம், சென்னை ஏஜென்ட் லைசென்ஸ் நடப்புல இருக்கான்னு இ-மைக்ரேட்ல பாக்கலாம், ரெண்டும் சேத்து பத்து நிமிஷ வேலை. அட்வான்ஸ் வாங்கறதுக்கு முந்துன ஞாயிறு வந்துருங்க.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ப்ரவுசிங் சென்டர் தம்பி