செயலாளர் அறிக்கை: காங்கயம் பொதுக்குழுவில் வாசித்தது

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், பங்குனி வெயிலில் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். ரூபாய்க் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பாட்டுக் கணக்கு மட்டும் என்னுடையது.

வழக்கம்போல இந்த அறிக்கையிலும், யாருடைய பாட்டுக்காக இந்தச் சங்கத்தை வைத்தோமோ அந்தப் பாடகரின் பெயர் இருக்காது. சங்கம் தொடங்கின அன்றைக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை அது. "பேரும் போட்டாவும் போட்டு ஃபிளெக்ஸ் வெச்சீங்கன்னா அந்த ஊருப் பக்கமே வரமாட்டனுங்க" என்றார். ஆகவே நாம் கூப்பிடுகிற மாதிரியே அம்மணி என்று எழுதுகிறேன். தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஒரு கிதாரை வைத்துக்கொண்டு தானே பாடுகிறவருக்குச் சினிமா நட்சத்திரத்துக்கு வைக்கிற மாதிரி மன்றம் வைத்தால் பொருந்தாது என்பது என் எண்ணமும்கூட. பால் ஊற்ற நம்மிடம் கட்அவுட் இல்லை. பால் மிச்சம்.

இந்த ஆண்டின் பெரிய செய்தி அம்மணியின் மூன்றாவது ஆல்பம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முந்தின இரண்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆல்பம் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பதிவு செய்தது. குரல் சுத்தமாக இருக்கும். ஆனால் மீட்டர் ஓடுகிற ஆட்டோவில் உட்கார்ந்து பாடின மாதிரி ஓர் அவசரமும் இருக்கும். இரண்டாவதை வீட்டிலேயே பதிவு செய்தார். அவர் வீடு பல்லடம் பக்கம், இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடம். கண்டென்சர் மைக் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினாலும் பிடித்துவிடும். தறி ஓடுகிறபோது அதை வைத்து என்ன பதிவு செய்ய? அதனால் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாட்களுக்காகக் காத்திருந்தார். காலையில் கரண்டு போய்த் தறியெல்லாம் ஓய்ந்ததும் பாட ஆரம்பித்து, மடிக்கணினியின் பேட்டரி தாங்குகிற வரைக்கும் பாடுவார். மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டைக்கூட மடிக்கணினியில் செருகின சின்னப் பெட்டியே கொடுத்துவிடும். அதற்கு மேல் அடுத்த மாதம்தான். ஊரே கரண்டு இல்லையென்று திட்டிக்கொண்டிருந்த நாட்களில் பதிவானவை அந்தப் பாட்டெல்லாம். ஃபேன்கூட ஓடாத அறையின் அமைதி அதில் கேட்கும். நான்காவது பாட்டு முடிகிற இடத்தில் தோட்டத்து மயில் ஒன்று அகவும். அதை வெட்டி எடுக்காமல் விட்டதற்காகவே அந்த ஆல்பத்தை எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவதில் அம்மணி, தறியோடு சண்டை போட்டு ஆகாது, சரி, கூடவே பாடிவிடுவோம் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார். இரண்டாவது பாட்டுக்குத் தறிதான் தாளம். ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா போய் வந்து அடிக்கிற அடிக்கு ஏற்றபடி கிதார் போகிறது. பாதிப் பாட்டில் இழை அறுந்து தறி நிற்கிறது. அம்மணியும் நிற்கிறார். தறி ஓட்டுகிறவர் இழையை முடிந்து மறுபடி ஓட்டிவிடுகிற வரைக்கும் ஒன்றுமே இல்லை, யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற சத்தம் மட்டும். அப்புறம் தறி, அப்புறம் கிதார், அப்புறம் குரல். முதல் தடவை கேட்டபோது போன்தான் நின்றுவிட்டது என்று நான் தட்டிப் பார்த்தேன்.

சோமனூரிலிருந்து வருகிற நம் உறுப்பினர் ஒருவர் பரம்பரையாகத் தறி ஓட்டுகிறவர். "நாள் பூரா கேக்கறதையே காசு குடுத்து வேற கேக்கோணுமாங்க?" என்று முதல் வாரம் என்னிடம் சண்டைக்கு வந்தார். மூன்றாவது வாரம் அவரே போன் பண்ணி, "அந்த நிக்கற எடம் வந்தா கை தன்னால இழையத் தேடுதுங்க" என்றார். இந்த ஆண்டு நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அந்த ஆல்பம் நம் கைக்கு எப்படி வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கச்சேரிக்குப் பணம் வாங்க நுழைவுச் சீட்டா, உண்டியலா என்று போன பொதுக்குழுவில் மதியச் சாப்பாடு ஆறுகிற வரைக்கும் பேசினோம். கடைசியில் மொய் நோட்டு என்று முடிவானது. கச்சேரி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு, விசேஷ வீட்டில் எழுதுகிற மாதிரியே ஊர், பெயர், தொகை எழுதி வாங்கி, பணத்தை அப்படியே அம்மணியிடம் கொடுப்பது. ரேடியோ செட் என்று நாம் சொல்கிற ஒலிபெருக்கி, வண்டி வாடகை எல்லாம் சந்தாப் பணத்தில். தாராபுரத்துப் பெரியவர் மட்டும் எழுந்து, "மொய்யுன்னா திருப்பிச் செய்யோணுமே, அந்தப் புள்ள எல்லார் ஊட்டு விசேஷத்துக்கும் வந்து பாடுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மணி சிரிக்கவில்லை போலிருக்கிறது. நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது ஆல்பம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னால், நோட்டில் பெயர் இருந்த ஒவ்வொருவருக்கும் தபாலில் ஒரு பென் டிரைவ் வந்தது. உறைமேல் நோட்டில் இருந்தபடியே ஊரும் பெயரும். என் கையெழுத்தால் பெயர் தப்பாகிப் போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளகோயில் உறுப்பினர் ஒருவருக்கு அவர் அப்பா பெயரிலேயே வந்துவிட்டது; அப்பாதான் இப்போது தினமும் கேட்கிறாராம்.

இனி கச்சேரிகள். ஆடியில் காங்கயத்தில், தேங்காய்க் களத்தில் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

களத்தைத் தேர்ந்தெடுத்தது நான். சமதளமான சிமென்ட் தரை, சுற்றிலும் வெளி, பகலெல்லாம் கொப்பரை காய்ந்த வாசம். மண்டப வாடகையும் இல்லை. பவானி ஜமக்காளங்களை விரித்தால் அரங்கம் தயார். ஆனால் ஆடிக் காற்றை மறந்துவிட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் அதை மறந்தேன் என்றால் வெட்கம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்றுக்குப் பல்லடம், தாராபுரம், காங்கயம் வரைக்கும் தடுக்க ஒரு மலையும் கிடையாது. காற்றாலைகளை இந்தப் பக்கம் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். மைக்கைப் போட்டதும் புஸ்ஸு புஸ்ஸு என்று காற்றுதான் பாடியது. விரித்த ஜமக்காளம் ஒரு பக்கம் எழுந்து நின்றது.

காப்பாற்றியது திருப்பூர் உறுப்பினர்கள். வண்டியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து மைக் தலையில் நாலு சுற்றுச் சுற்றினார்கள், காற்றுச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. அப்புறம் மேடையைக் கொப்பரை மூட்டை அடுக்குக்குக் கிழக்குப் புறமாக நகர்த்தினோம். காற்று தலைக்கு மேலே போய்விட்டது. அடுத்த வில்லங்கம் ரேடியோ செட் அண்ணன். நல்ல மனிதர், ஆனால் எக்கோ இல்லாமல் ஒரு குரலை வெளியே விடுவது அவருக்குக் கௌரவக் குறைவு. அம்மணி ஒரு வார்த்தை பாடினால் அது மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்று முறை போய்ச் சொன்னேன். நான்காவது முறை அம்மணியே மேடையிலிருந்து, "அண்ணா, நான் ஒருத்திதானுங்க, ஒருத்தியாவே கேக்கட்டுங்க" என்றார். கை தட்டினார்கள், எக்கோ நின்றது.

பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்று இருக்கிறது, காவல் நிலையத்திலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். காற்றோடு மல்லுக்கட்டியதில் ஆரம்பமே தாமதம் என்பதால் பத்து மணிக்கு இன்னும் மூன்று பாட்டு பாக்கி. செட்டை அணைத்தாயிற்று. யாரும் எழவில்லை. அம்மணி மேடையிலிருந்து இறங்கி வந்து ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நெருங்கினார்கள். மைக் இல்லாமல், தறிப் பாட்டைப் பாடினார். தறி இல்லையே, என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தோம். கிதாரின் வயிற்றில் உள்ளங்கையால் நாடா அடிக்கிற மாதிரியே அடித்தார். இழை அறுகிற இடத்தில் கையை எடுத்தார். அந்த இடைவெளியில் காற்று மூட்டைகளின் மேலே போய்க்கொண்டிருந்தது, வேறு சத்தமே இல்லை. ஆல்பத்தில் அந்த இடைவெளி சில நொடிதான். அன்றைக்கு அவர் விட்டது அதைவிட நிச்சயமாக அதிகம். ஒரு குழந்தை "அவ்வளவுதானா?" என்று கேட்ட பிறகுதான் மறுபடி அடித்தார்.

ஆல்பம் பெரிதா, மேடை பெரிதா என்று நம் சங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. நான் ஆல்பக் கட்சி. மேடையில் வரி மறக்கும், கம்பி சுருதி இறங்கும், பக்கத்தில் இருப்பவர் முறுக்குத் தின்பார். களத்துக்குப் பிறகும் நான் கட்சி மாறவில்லை. ஆனால் தறிப் பாட்டை மட்டும் இப்போது போனில் கேட்கும்போது அந்த இடைவெளி போதவில்லை.

கோபிச்செட்டிபாளையம் கச்சேரி தோல்வி. பழி என்மேல். ஆவணியில் நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து ஒரு மண்டபத்தின் மாடியைப் பிடித்துவிட்டேன். ஊரே கல்யாணங்களில் இருந்தது. கீழ்த் தளத்திலேயே ஒன்று. வந்தவர்கள் ஒரே ஜமக்காளத்தில் அடங்கினார்கள். கீழே ஜமாப் மேளம், மேலே கிதார். அம்மணி இரண்டு மணி நேரமும் குறைக்காமல் பாடினார். ஜமாப் ஓய்கிற நேரமாகப் பார்த்து மெதுவான பாட்டுகளைப் பாடினது அவர் சாமர்த்தியம். இனி நாள் குறிப்பதற்கு முன் பஞ்சாங்கம் பார்த்து, முகூர்த்தம் இல்லாத நாளாக எடுப்பது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

சினிமாப் பாட்டு விவகாரம். ஒவ்வொரு கச்சேரியிலும் யாராவது ஒருவர் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அம்மணி பாடமாட்டார், அது அவர் விருப்பம். பாடினாலும் அடுத்தவர் எழுதி இசையமைத்த பாட்டை மேடையில் பாட, நிகழ்ச்சி நடத்துகிற நாம்தான் பாட்டு எழுதினவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் உரிமத் தொகை வசூலிக்கிற ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். "கல்யாணத்துல எல்லாம் பாடறாங்களே?" என்று கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கல்யாணத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, நமக்குக் கொடுக்கவில்லை. யாருக்கும் கண்டிப்பாகச் சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம்.

இளைஞர் அணி கொண்டு வந்த ஒரு யோசனையை நான் தடுத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம். அம்மணியின் பழைய பாட்டுகளில் சில அந்தக் கோட்டைத் தொடவில்லை. எல்லோரும் ராத்திரி போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டு விடிய விடிய ஓட விடலாம் என்றார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அதைப் போலிக் கேட்பு என்று கண்டுபிடித்துக் கழித்துவிடுவார்கள், அளவு மீறினால் பாட்டை ஏற்றிக் கொடுத்த நிறுவனத்துக்கு அபராதமும் போடுவார்கள். பாட்டையே எடுத்துவிட்டால் அம்மணிக்கு யார் பதில் சொல்வது? அதுவும் போக, யாரும் கேட்காமல் ஓடுகிற பாட்டு எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது. வாங்கியே தீர வேண்டும் என்கிறவர்கள் பாடகர்கள் நேரடியாகப் பாட்டு விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கலாம். அங்கே விலையில் 15 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும், பணம் செலுத்தும் கட்டணம் தனி, மிச்சமெல்லாம் பாடினவருக்கு.

பனியன் விற்பனை: வரியோ படமோ இல்லாமல் ஒரு தறி நாடா மட்டும் அச்சடித்தோம். எக்ஸெல் அளவு நிறைய மிச்சம். பருமனான உறுப்பினர்கள் உதவ வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு விஷயம். வெள்ளகோயில் பக்கம் கும்மி பழகுகிற பெண்கள் குழு ஒன்று, அம்மணியின் ஒரு பாட்டுக்கு அடி வைத்துப் பார்த்திருக்கிறது. 2024இல் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயா பத்மஸ்ரீ வாங்கின செய்தித்தாளைப் பயிற்சிக் கொட்டகையில் ஒட்டி வைத்திருக்கிற குழு அது. அவர்களுக்குக் கும்மி கற்றுக்கொடுக்கிறவர், "இது எங்க மெட்டுத்தானுங்க, அம்மணி கொஞ்சம் மெதுவாப் போட்டிருக்குது" என்றார். அம்மணியிடம் சொன்னேன். மறுக்கவில்லை, எங்கே கேட்டதென்று யோசிக்கிறேன் என்றார். தை மாதத்தில் இருவரையும் ஒரே களத்தில் சேர்க்க முயற்சி நடக்கிறது. இன்னொன்று, ரேடியோ செட் அண்ணனை நம் சங்கத்தில் சேர்த்துக்கொள்வது. விண்ணப்பம் அவரே கொடுத்திருக்கிறார்.

களத்துக் கச்சேரியில் விரித்த ஜமக்காளங்களில் சிவப்புக் கோடு போட்டது ஒன்று இன்னும் திரும்பவில்லை. காற்று கொண்டுபோயிருந்தால் சரி. யாராவது தவறுதலாக மடித்து வண்டியில் வைத்திருந்தால் பொருளாளரிடம் கொடுத்துவிடவும். அது அவர் வீட்டுக் கல்யாண ஜமக்காளமுங்க.

செயலாளர்