இன்னொரு சண்டை கேட்கிறவர்கள்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு மிச்ச நேரம் முழுக்க அமெரிக்க பாக்ஸர் டெரன்ஸ் க்ராஃபோர்டைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர் விஷயம். இந்த வருஷம் பொங்கலன்றைக்கே மும்பை மாநகராட்சித் தேர்தலையும் வைத்துவிட்டார்கள். தாராவியில் 90 அடி ரோட்டில் பானை வைத்த பெண்கள் பாதிப்பேர் விரலில் மையோடுதான் குலவை போட்டார்கள். நம் லேபர் கேம்ப் சந்தில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்குச் சர்வேக்காரர்கள் வந்து சுவரில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். தரைத்தளத்துக்கு ஒரு கணக்கு, மேல்மாடிக்கு வேறு கணக்கு. நாம் குடியிருந்த அந்த மேல்மாடி ரூமில் இப்போது பீகார் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சரி, அது பெரிய கதை.

உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2025 டிசம்பர் 16-ம் தேதி வீடியோ போட்டு ஓய்வு என்று அறிவித்துவிட்டான், 42 சண்டை, 42 வெற்றி, தோல்வி சைபர், அந்த சைபரைக் காப்பாற்றத்தான் ஓடினான் என்கிறாய். செப்டம்பரில் ஜெயித்த மெக்சிகோ சாம்பியன் கனேலோவோடு மறுபடி ஒரு தடவை மோதியிருக்கலாம், 160 பவுண்ட் எடைப்பிரிவில் யாரையாவது அடித்திருக்கலாம், இன்னும் ஒன்றாவது ஆடியிருக்கலாம். இதுதானே உன் வழக்கு?

செப்டம்பர் 14 ஞாயிறு காலை, கனேலோவோடு சண்டை. வேகாஸில் சனி ராத்திரி, நமக்கு இட்லி நேரம். தையல் கடை மாடியில் டி.வி.யைத் தூக்கி வைத்து நெட்ஃப்ளிக்ஸில் பார்த்தோம். அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் 70 ஆயிரத்துக்கு மேல் கூட்டம், முக்கால்வாசி மெக்சிகோக்காரனுக்குத்தான் கத்தியது. எங்கள் கூட்டத்தில் பாக்ஸிங்கே பார்க்காத பையன்கள் நாலைந்து பேர். ஒருத்தன் மூன்றாவது ரவுண்டில் "அண்ணே, ரெண்டு பேரும் சும்மா சுத்துறாங்களே, யாரு அடிக்கிறது?" என்றான். காலைப் பார் என்றேன். கனேலோ வலக்கைக்காரன், இடது கால் முன்னால். க்ராஃபோர்ட் அன்றைக்கு சவுத்பா, அதாவது இடக்கைக்காரன் நிற்கிற மாதிரி, வலது கால் முன்னால். இப்படி எதிரெதிராக நின்றால் முன்கால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எவன் தன் முன்காலை அடுத்தவன் காலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறானோ அவன் கைக்கு வழி கிடைக்கும். க்ராஃபோர்ட் அந்த ஒரு சாண் இடத்துக்காகவே நடந்துகொண்டிருந்தான். குத்து வருவதற்கு முன்னாலேயே சண்டை அங்கே முடிந்துவிட்டது. எட்டாவது ரவுண்டுக்குள் அந்தப் பையனே "இப்ப வெளில வச்சிட்டான் பாருண்ணே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். உன்னிடம் படித்த பாடம்தான். அதை நீ மறந்துவிட்டாயே என்பதுதான் என் வருத்தம்.

க்ராஃபோர்ட் எங்கிருந்து ஏறி வந்தான் என்று பார். 2014-ல் கிளாஸ்கோவுக்குப் போய், ரிக்கி பர்ன்ஸை அவன் சொந்த மண்ணிலேயே அடித்து எடுத்த முதல் பட்டம் 135 பவுண்டில், அதாவது 61 கிலோ. கனேலோவை அடித்தது 168-ல், 76 கிலோ. அதுவும் 154-லிருந்து 160-ஐத் தொடாமல் நேராகத் தாண்டி. 140, 147, 168 என்று மூன்று எடைகளில் நாலு உலக அமைப்புகளின் நாலு பெல்ட்டும் கையில் வைத்திருந்த ஆண் நாலு பெல்ட் காலத்தில் அவன் ஒருத்தன்தான். கனேலோவுக்கு வயதாகிவிட்டது என்கிறாய். அன்றைக்கு அவனுக்கு 35, க்ராஃபோர்டுக்கு 37. இதற்கு என்ன சொல்வாய்?

ஆனால் நீ சொல்வதில் ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது. 2018-லிருந்து 2022 வரை வெல்டர்வெயிட்டில், அதாவது 147 பவுண்டில், அவன் அடித்த ஆட்களின் பட்டியல் மெலிசுதான். கெல் புரூக்கும் அமிர் கானும் அவனிடம் வந்தபோது இருவருக்கும் நல்ல காலம் முடிந்திருந்தது. ஸ்பென்ஸ், தர்மன், போர்ட்டர் எல்லாம் ஒரு கம்பெனியில், இவன் மட்டும் டாப் ரேங்க் என்ற இன்னொரு கம்பெனியில். இரண்டு புரமோட்டர்களும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. 2021 நவம்பரில் போர்ட்டரோடு ஒரு வழியாக மோதினான். பத்தாவது ரவுண்டில் போர்ட்டரின் அப்பாவே மூலையிலிருந்து போதும் என்று நிறுத்திவிட்டார், போர்ட்டர் அன்றைக்கே ஓய்வு என்று சொல்லிவிட்டான். அது முடிந்த கையோடு இவனும் டாப் ரேங்க்கை விட்டு வெளியே வந்தான். 2023 ஜூலையில் ஸ்பென்ஸ் கிடைத்தான். இரண்டாவது ரவுண்டில் ஒரு தடவை, ஏழாவதில் இரண்டு தடவை கீழே போட்டு ஒன்பதாவதில் முடித்தான். ஸ்பென்ஸ் அதற்குள் கார் விபத்து, கண் ஆபரேஷன் எல்லாம் பார்த்தவன், முந்தின ஸ்பென்ஸ் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சண்டை 2019-லேயே நடந்திருக்க வேண்டும். நடக்காததற்கு வியாபாரிகளைத் திட்டு, அடி வாங்குகிறவனைத் திட்டாதே.

அதனால்தான் ஹேக்லர், லெனார்ட், ஹெர்ன்ஸ், டுரான் வரிசையில் அவனை வைக்க எனக்கும் கை வரவில்லை. திறமையில் குறை என்று இல்லை. அந்த நாலு பேரும் 80-களில் ஒருத்தரை ஒருத்தர் விடாமல் தேடிப் போய் அடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தோல்வி உண்டு, அந்தத் தோல்விகளே அவர்களுக்குப் பெருமை. இவன் காலத்தில் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் தவிர்த்தார்கள், அல்லது தவிர்க்க வைக்கப்பட்டார்கள். மேவெதரின் தோல்வியே இல்லாத 50-0-வை விட, ஸ்பென்ஸையும் கனேலோவையும் அடித்த இவனுடைய இரண்டு பெரிய ராத்திரிகள் எனக்கு உசத்தி. மேவெதரின் அம்பதாவது சண்டை யாரோடு என்று உனக்கே தெரியும்: தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒரு சண்டைகூடப் போட்டிராத கூண்டுச் சண்டைக்காரன் மெக்ரிகரோடு!

நம் ஜனங்களுக்கு இந்த சைபர் மேல் ஒரு பைத்தியம். 2017 ஆகஸ்ட்டில் ஒர்லி டோமில் விஜேந்தரைப் பார்க்கப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? சீனாக்காரன் மைமைதியாலியைப் பத்து ரவுண்ட் நின்று பாயிண்ட்டில் ஜெயித்தார். அப்போது எல்லையில் சீனாவோடு டோக்லாம் தகராறு. மைக்கைப் பிடித்து, சமாதானத்துக்காக அவன் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். டோமே எழுந்து நின்றது. நாலு வருஷம் கழித்து 2021 மார்ச்சில் கோவாவில் கப்பல் மேல் நடந்த சண்டையில் முதல் தோல்வி. மறுநாள் டீக்கடையில் அதே ஆட்கள், "இத்தனை நாள் டம்மிகளைத்தான் அடிச்சிருக்கான்" என்றார்கள். 2008 பெய்ஜிங் வெண்கலம் ஒரே ராத்திரியில் கணக்கிலிருந்து போயே போய்விட்டது. குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் மெடல் அது! தோற்றால் டம்மிகளை அடித்தவன், தோற்காமல் நின்றால் பயந்தவன். அப்புறம் அவன் என்னதான் செய்வது?

இப்போது உன் அப்பா கதைக்கு வா. 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு முகமது அலி காட்சிப் போட்டி ஆடியதையும் எம்.ஜி.ஆர். வந்திருந்ததையும் அவர் சொல்லி நாம் எத்தனை ராத்திரி கேட்டிருப்போம். அன்றைக்கு அவர் பார்த்த அலி ஓய்வு பெற்ற அலி. 1979-லேயே போதும் என்று அறிவித்தவர். அங்கேயே நின்றிருந்தால் மூன்று தடவை உலகப் பட்டம் எடுத்தவராக, ஸ்பிங்க்ஸிடம் விட்டதை அதே ஸ்பிங்க்ஸிடம் திரும்ப வாங்கியவராகப் போயிருப்பார். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸ் முன்னால் ஏற்றிவிட்டார்கள். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்கே பயிற்சிக்குக் கூட ஆடிய பையன். பத்து ரவுண்ட் வாங்கினார், திருப்பி ஒன்றும் கொடுக்க முடியவில்லை. அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். அதற்குப் பிறகும் விடவில்லை, 1981 டிசம்பரில் பஹாமாஸில் பெர்பிக்கோடு மோதித் தோற்றார். 1984-ல் பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அன்றைக்கு "இன்னும் ஒரு சண்டை" என்று டிக்கெட் வாங்கியவர்கள் யாரும் பிறகு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வரவில்லை.

க்ராஃபோர்டும் தலையில் ஒரு குண்டை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தவன்தான். 2008-ல் ஒமாஹாவில் தாயம் ஆடி ஜெயித்த காசை காருக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது யாரோ சுட்டார்கள். மண்டையை உரசிக்கொண்டு போனது. தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அப்படிப்பட்டவன் 38 வயதில், கையில் பணத்தோடும் தெளிவான பேச்சோடும் போதும் என்கிறான். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கட்டணப் பாக்கி என்று, அந்த நாலு அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது. அந்த நிர்வாகத்தோடு இன்னும் இரண்டு வருஷம் மல்லுக்கட்ட வேண்டுமா? அவன் தலை, அவன் முடிவு. டி.வி. முன்னால் இட்லி சாப்பிட்டுக்கொண்டு பார்த்த எனக்கு அதில் ஓட்டு கிடையாது. உனக்கும் கிடையாது. நீ ராயபுரத்தில் சண்டையை விட்டபோது இன்னும் ஒன்று ஆடு என்று யாராவது கெஞ்சினார்களா? மூக்கு உடைந்ததும் வீட்டில் பிடித்து மும்பைக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் எனக்கு நீ கிடைத்தாய்.

ஒருவேளை பணத்தாசையில் அவனே மனசு மாறித் திரும்பி வந்தால் என்னைத் தாராளமாகக் கிண்டல் செய். அந்தச் சண்டையை நான் பார்க்க மாட்டேன், நீ பார்த்துச் சொல்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுது. எம்.ஜி.ஆர். ரிங்குக்குள் ஏறினாரா, கீழேயே இருந்தாரா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். அடுத்த மாசம் என் தங்கச்சி மகன் இன்டர்வியூவுக்குச் சென்னை வருகிறான். அவன் கையில் காசிமேட்டுக் கருவாடு கொஞ்சம் கொடுத்துவிடு. நல்லா கட்டிக் கொடு, போன தடவை கம்பார்ட்மென்ட் முழுக்க எங்களைத் திட்டினார்களாம்.

அன்புடன்,
உன் மாப்ள