ஏப்ரல் வேண்டாம், ஜூன் நடுவில் போ

அன்புள்ள சேது,

உன் கடிதமும், வீட்டில் நீ செய்து பார்த்த உடோன் நூடுல்ஸின் படமும் கிடைத்தன. மீனாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஜப்பானில் ககாவா மாகாணத்துக்குப் போனால் படி ஏற வேண்டியிருக்கும், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் பயணத் தேதி. ஏப்ரலில் செர்ரிப் பூ பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். செர்ரிப் பூவுக்கு ஜப்பான் முழுக்க இடமிருக்கிறது. ககாவாவை அதன் சாப்பாட்டுக்காகப் பார்க்கப் போகிறாய் என்றால் ஜூன் நடுவில் போ. அது மழைக்காலம் ஆயிற்றே என்று யோசிக்காதே. வடக்கே ஹொன்ஷூ மலைகள், தெற்கே ஷிகோகு மலைகள் என்று இரண்டு பக்கமும் மழைக்காற்றைத் தடுத்துவிடுவதால், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,100 மில்லிமீட்டர்தான் அங்கே பெய்யும். ஜப்பானுக்கு அது மிகக் குறைவு.

அந்த மழைக் குறைவிலிருந்துதான் அவ்வூர்ச் சாப்பாடு பிறந்திருக்கிறது. பழைய பெயர் சானுகி. பரப்பளவில் ஜப்பானிலேயே மிகச் சிறிய மாகாணம். பெரிய ஆறு கிடையாது, அதனால் ஏரி வெட்டி வெட்டியே பிழைத்திருக்கிறார்கள்: இன்றைக்கும் 12,000-க்கு மேல் ஏரி, குளம் உண்டு. கோடையில் ஏரித் தண்ணீரில் நெல், குளிர்காலத்தில் காய்ந்த அதே வயலில் கோதுமை. வெயிலும் அமைதியான உள்கடலும் இருந்ததால் கரையெல்லாம் உப்பளம். கடலில் நெத்திலி. எதிரே ஷோடோ தீவில் சோயா சாஸ். கோதுமை, உப்பு, நெத்திலி, சோயா சாஸ் நான்கும் சேர்ந்ததுதான் சானுகி உடோன் என்ற தடித்த நூடுல்ஸ். ஜூன் நடுவில் கோதுமை அறுவடை முடிந்திருக்கும், ஏரி மதகு திறக்கும், நாற்று நடுவார்கள், இபுகி தீவில் நெத்திலிப் படகுகள் கிளம்பும். எல்லாம் ஒரே வாரத்தில் கண்ணெதிரே நடக்கும்.

மதகு என்றதும் நினைவு வருகிறது, மன்னோ ஏரியை விட்டுவிடாதே. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஏரி. கரை உடைந்தபோது 821-இல் வந்து சரிசெய்தவர் கூக்காய் என்ற பௌத்தத் துறவி. சுற்றளவு சுமார் 20 கிலோமீட்டர், கொள்ளளவு சுமார் 1.54 கோடி கன மீட்டர். ஆண்டுதோறும் ஜூன் நடுவில் மதகைத் திறக்கிறார்கள், அதற்கு ‘யுருநுகி’ என்று பெயர். தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் இறங்குவதைப் பார்க்க ஊரே கூடும். நாற்று நட்ட களைப்புத் தீர, புதுக் கோதுமை மாவில் உடோன் செய்து சாப்பிடுவது அங்கே பழைய வழக்கம். ஜூலை 2-ஐ உடோன் நாளாக வைத்திருப்பதும் அதனால்தான்.

இப்போது கடைக்கு வருகிறேன். சானுகியில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் பெரிய கேள்வி. நல்ல உடோனின் குணத்துக்கு ‘கொஷி’ என்பார்கள். விறைப்பு என்று அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதே. வெளிப்புறம் மெத்தென்று இருக்கும், கடித்தால் உள்ளே பல்லைத் திருப்பித் தள்ளும். வேகும்போது இழையின் வெளிப்பகுதி நிறையத் தண்ணீர் குடித்திருக்கும், நடுப்பகுதி குறைவாகக் குடித்திருக்கும். இந்த வித்தியாசம்தான் கொஷி. அலசி எடுத்த நிமிடத்திலிருந்தே ஈரம் உள்ளே பரவத் தொடங்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் இழை முழுக்க ஒரே பதமாகிவிடும், அப்புறம் அது வெறும் நூடுல்ஸ். ஆகவே சட்டி இறக்கும் நேரத்தில் போய் நிற்பது முக்கியம். பல கடைகள் காலையிலேயே திறந்து மதியம் இரண்டு மணிவாக்கில் மூடும். மாவு தீர்ந்தால் அதற்கு முன்பே மூடிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு உடோன் என்று வைத்துக்கொள்ளாதே. காலை ஒன்று, பதினொன்றரைக்குள் இன்னொன்று, அத்தோடு போதும்.

தானே எடுத்துச் சாப்பிடும் கடைகள்தான் அதிகம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, எத்தனை ‘தாமா’ என்று சொல்ல வேண்டும். தாமா என்றால் ஓர் ஆளுக்கான நூடுல்ஸ் சுருள்: ‘ஷோ’ ஒன்று, ‘ச்சூ’ இரண்டு, ‘தாய்’ மூன்று. ‘தாய்’ கேட்டுவிட்டு முழிக்காதே, ஒன்றே நமக்குச் சரியாக இருக்கும். சில கடைகளில் கையில் வெறும் சுருளைத்தான் தருவார்கள். அதைக் கைப்பிடி வைத்த வடிகூடையில் போட்டு, கொதிநீரில் பத்து விநாடி முக்கி, நன்றாக உதறி, கிண்ணத்தில் கவிழ்க்க வேண்டும். சரியாக உதறாவிட்டால் ஒட்டிய தண்ணீர் சாற்றை நீர்த்துப்போகச் செய்யும், முதன்முறை போகிறவர்களிடம் இதுதான் பெரும்பாலும் தவறும். பிறகு குழாயைத் திறந்து சாறு பிடித்துக்கொள்ளலாம். வெங்காயத்தாளும் துருவிய இஞ்சியும் பக்கத்திலேயே இருக்கும். சாப்பிட்டதும் கிண்ணத்தை நீயே திருப்பி வைக்க வேண்டும். 300 முதல் 500 யென்னுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

என்ன கேட்பது? முதல் நாள் ‘காகே’, அதாவது சூடான சாறு ஊற்றியது. சாற்றை வைத்துத்தான் கடையை எடைபோட முடியும். அடுத்து ‘காமாதாமா’: சட்டியிலிருந்து அலசாமல் நேரே கிண்ணத்துக்கு வந்த இழையில் பச்சை முட்டையை உடைத்து, சோயா சாஸ் விட்டுக் கலப்பது. அயாகாவா ஊரிலுள்ள யாமாகோயே கடையில்தான் இது தொடங்கியது என்பார்கள். இழையின் சூட்டில்தான் முட்டை பதமாக வேண்டும், படம் எடுத்துக்கொண்டு நின்றால் முட்டை வழவழவென்றே நின்றுவிடும். கொஷி தெரிய வேண்டுமானால் குளிர்நீரில் அலசிய இழையில் கெட்டிச் சாறு கொஞ்சமாக ஊற்றும் ‘புக்காகே’ கேள். ‘காமாஆகே’ அலசாமல் வெந்நீரோடே வரும், அதில் கொஷியைத் தேடாதே, கோதுமை வாசனைக்காகச் சாப்பிட வேண்டியது அது.

மீன் சேர்க்காத மீனாவுக்குத்தான் கவனம் தேவை. காய்கறி மட்டும் மிதக்கிறதே என்று நம்பி எதையும் வாங்கிவிடாதே. அங்கே சாறு என்றாலே ‘இரிகோ’, நம் நெத்திலிக் கருவாடுதான். இபுகி தீவில் பிடித்த மீனை உடனுக்குடன் கரைக்குக் கொண்டுவந்து உப்புநீரில் அவித்து உலர்த்துகிறார்கள், அவ்வளவு வேகமாகச் செய்வதால்தான் அதில் கவிச்சி இல்லை. காகே, புக்காகே, காமாஆகேவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் மீன் உண்டு. மேசையில் இருக்கும் ‘தாஷி-ஜோயு’ சோயா சாஸ் மாதிரியே தெரியும், அதிலும் மீன்சாறு கலந்திருக்கும். கலப்பில்லாத சோயா சாஸின் பெயர் ‘கி-ஜோயு’. அதைப் பெயர் சொல்லிக் கேட்டு, அலசிய இழையில் ஒரு சுற்று விட்டு, துருவிய முள்ளங்கியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் அவளுக்கு முழுச் சாப்பாடு. சின்னப் புட்டியில் சொந்தமாகக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. நம் பஜ்ஜி மாதிரியான காய்கறி டெம்புராவும் மீன் பொரித்த அதே எண்ணெயில்தான் பொரியும், அது அவளுக்குச் சம்மதமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் படம். இழை விரலளவில் துண்டு துண்டாக அறுந்திருக்கிறது. பாதி ஆட்டா போட்டதாக எழுதியிருக்கிறாய், முதல் தவறு அது. தவிடு கோதுமைப் பசையின் வலையை அங்கங்கே வெட்டிவிடும். நூறு கிராமுக்கு 9, 10 கிராம் புரதம் உள்ள மைதா மட்டும் போதும். இரண்டாவது, சப்பாத்திக்குப் போலக் கண்ணளவாகத் தண்ணீர் விட்டது. 500 கிராம் மைதாவுக்கு 230 கிராம் தண்ணீர், 25 கிராம் உப்பு. சித்திரை வெயிலில் உப்பு 30 கிராம். மூன்றையும் தராசில் நிறுத்துக்கொள்.

உப்பு ருசிக்காக என்று நினைத்துக் குறைத்துவிடாதே. அது பசையை இறுக்குகிறது, வெக்கையில் மாவு தளர்ந்துபோகாமல் காக்கிறது. வேகும்போது பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும், அதனால் கொதிநீரில் உப்பே போடக் கூடாது. பழைய கைக்காரர்கள் கோடையில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், கடுங்குளிரில் ஆறு, மற்ற நாளில் ஐந்து என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதை இன்றைய பொடி உப்புக்கு அப்படியே போட்டால் கரிக்கும், எடைக் கணக்கையே பிடித்துக்கொள்.

உப்புநீரை மூன்று தடவையாகத் தெளித்து, விரல் நுனியால் பிசிறி, புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவா. இங்கே அவசரப்பட்டால் ஓரிடம் குழைந்து ஓரிடம் வறண்டு நிற்கும், பின்னால் இழை அறுவது அந்த வறண்ட இடத்தில்தான். பிறகு உருட்டி, தடித்த பிளாஸ்டிக் பைக்குள் அரைமணி நேரம் விடு. இந்த மாவு கையால் பிசைய முடியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும், தண்ணீர் சேர்த்துவிடாதே. பையின் மேல் துணி விரித்து, குதிகாலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மிதித்துக்கொண்டே போ. தட்டையானதும் மூன்றாக மடித்து மறுபடி மிதி. இப்படி மூன்று முறை. உடல் எடை மாவைக் கிழிக்காமல் அழுத்துவதால் பசை அடுக்கடுக்காக உருவாகும். பிறகு உருண்டையாக்கி, காற்றுப் படாமல் இரண்டு மணி நேரம் ஓய்வு. நீ விட்டது அரைமணி நேரம்தான். சானுகி உடோனை ‘அவ்வூரின் சிறப்புப் பொருள்’ என்று பெயர் போட்டு விற்பதற்கான விதிகளிலேயே மாவின் எடையில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தண்ணீர், 3 விழுக்காட்டுக்குக் குறையாமல் உப்பு, 2 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு என்று இருக்கிறது.

தேய்க்கும்போது சுருங்கிச் சுருங்கித் திரும்பினால் இன்னும் இருபது நிமிடம் மூடி வை, பலம் காட்டாதே. 3 மில்லிமீட்டர் கனம், 3 மில்லிமீட்டர் அகலம் போதும், வெந்தால் உப்பும். தூவ மைதாவை எடுக்காதே, மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளார்) எடு. மைதா தூவினால் தண்ணீர் கஞ்சியாகி இழை வழவழக்கும். இரண்டு பேருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், 12 நிமிடம். ஓர் இழையைக் குறுக்கே வெட்டிப் பார், நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்திருந்தால் இறக்கு. ஓடும் குளிர்நீரில், துணி துவைப்பதுபோல வழவழப்புப் போகும்வரை தேய்த்து அலசு, கடைசியில் ஐஸ் தண்ணீர். அலசுவதில் மட்டும் சோம்பல் கூடாது.

ஷோடோ தீவுக்கு ஒரு முழு நாள் வை. ககாவாவின் தலைநகரான தகமட்சுத் துறைமுகத்திலிருந்து தோனோஷோவுக்குக் கப்பலில் ஒரு மணி நேரம். ஆளுயரத்தை மீறிய ‘சுகி’ என்ற ஊசியிலை மரப் பீப்பாய்களில் சோயா சாஸ் நொதிக்க வைக்கும் பட்டறைகள் அங்கே இன்னும் இருக்கின்றன, ஜப்பான் முழுக்க இருக்கும் அத்தகைய பீப்பாய்களில் கணிசமான பங்கு இந்தத் தீவில்தான். மரத்தின் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் ஒவ்வொரு பட்டறைக்கும் தனி மணம் தருகின்றன. ஜூனில் வெக்கை ஏறும்போது உள்ளே கலவை குமிழிவிடத் தொடங்கும், அந்த வாசனையை ஏப்ரலில் இப்படி முகர முடியாது. பட்டறைக்குப் போகும் காலையில் விடுதியில் ‘நாட்டோ’ என்ற நொதித்த சோயாவைச் சாப்பிடாதே. அதன் பாக்டீரியா, சோயா சாஸை நொதிக்க வைக்கும் கோஜிப் பூஞ்சையைக் கெடுத்துவிடும் என்று பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். வழியில் தீவுகளுக்கிடையே கடல்மட்டம் இறங்கும்போது மட்டும் தெரியும் மணல்பாதை ஒன்று இருக்கிறது, ஏஞ்சல் ரோடு. ஒரு நாளில் இரண்டு முறை, வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடக்கலாம்.

அந்தத் தீவின் ‘சோமென்’ நூடுல்ஸை நல்லெண்ணெய் தடவி இழுத்து நீட்டுவார்கள், 400 ஆண்டு வழக்கம். ஆனால் அது குளிர்கால வேலை. ஜூனில் வாங்கலாம், செய்வதைப் பார்ப்பது கடினம். மெல்லிய நாட்டுக் கரும்பிலிருந்து எடுக்கும் ‘வாசான்போன்’ சர்க்கரையும் அப்படித்தான். ஏப்ரலை விடுவதில் இன்னொரு இழப்பு, கொடோஹிராவில் 1835-இல் கட்டிய கானாமாரு-ஸா அரங்கில் அந்த மாதம் நடக்கும் கபுகி என்ற பாரம்பரிய நாடகம். மற்ற நாளில் அரங்கின் உள்ளே போய்ப் பார்க்கலாம், மேடைக்கடியில் ஆட்கள் தள்ளிச் சுழற்றும் மரச் சக்கரம்கூட இருக்கிறது.

கொடோஹிராவில்தான் படி. தகமட்சுவிலிருந்து கொதோதென் ரயிலில் ஒரு மணி நேரம். கொம்பிரா கோயிலின் முக்கிய சன்னிதிக்கு 785 படி, உச்சிச் சன்னிதிக்கு 1,368. அந்தப் பெயர் ‘கும்பீர’ என்ற வடசொல், முதலை. நம் அகராதியிலும் கும்பீரம் என்றால் முதலைதான். கங்கை முதலை பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்து, அங்கே கடலோடிகளைக் காக்கும் தெய்வமாக உட்கார்ந்தது. கோயில் இருக்கும் மலைக்குப் பெயர் ‘ஸோஸு-ஸான்’, யானைத்தலை மலை. 365-ஆம் படியில் பெரிய வாசல் வரும். மீனா அதுவரை ஏறி, உள்ளே வெள்ளைக் குடைக்கடியில் விற்கும் மஞ்சள் மிட்டாயை, கூடவே தரும் குட்டிச் சுத்தியலால் உடைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாலும் குறையில்லை. அடிவாரக் கடைகளில் கைத்தடி தருவார்கள், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளச் சொல். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. காலை எட்டுக்குள் ஏறத் தொடங்குங்கள்.

உனக்கு ஒரு வாய் சாகே (அரிசி மது) வேண்டுமென்றால் அதே தெருவில் கின்ரியோ சாகே பட்டறையின் பழைய கட்டடமும் அதை ஒட்டிய கற்பூர மரமும் இருக்கின்றன. மாருகாமே ஊரின் எலும்போடு சுட்ட கோழிக்கால் அதற்கு நல்ல துணை. ‘ஹினா’ இளங்கோழி, மிருது. ‘ஓயா’ முட்டையிட்டு முற்றிய கோழி. ‘ஓயா’வைக் கத்தரிக்கோலால் வெட்டித் தரச் சொல்லி வாங்கு. மென்று முடிக்க நேரமாகும், ருசி அதில்தான் அதிகம். தட்டில் நிற்கும் எண்ணெயைச் சோற்றுருண்டையால் தொட்டுச் சாப்பிடு, அதை மிச்சம் வைக்காதே.

தேதி முடிவானதும் எழுது. ஏஞ்சல் ரோட்டில் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்து எந்த நாள் தீவு, எந்த நாள் கொடோஹிரா என்று வரிசை மாற்றி அனுப்புகிறேன். அதற்குள் 230 கிராம் தண்ணீரில் ஒரு தடவை பிசைந்து பார்த்து, படம் அனுப்பு.

அன்புடன்,
கதிர்