இலக்கணத்துக்கு இரண்டாம் நிலை: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

முடிவு எடுத்துவிட்டேன். என் பையனுக்குத் தமிழ்ப் பாடத்தில் வாசிப்புக்கு ஐந்தாம் நிலை, இலக்கணத்துக்கு இரண்டாம் நிலை. அவனை எந்த நிலைப் புத்தகத்தில் உட்கார வைக்கப்போகிறாய் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்ததற்கு இதுதான் பதில்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தை எடுத்தாலே நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு சில பெற்றோர்களும் இதைப் படிப்பார்கள். எனவே வீட்டுக்குள் இருக்கவேண்டியவை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அவனைப் பள்ளியிலிருந்து ஏன் எடுத்தோம் என்பதும் அதில் ஒன்று. உனக்குத் தெரியும், அது போதும்.

நீ வகுப்பில் பாடம் நடத்தியவள். ஒரு புத்தகம் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்றால் நீயே பலகையில் வேறு எழுதிப் போட்டுவிடுவாய். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு வரும் மொழிப்பாட நூல் அப்படி வளையாது. ஒரு நிலை என்று எடுத்தால் கதை, சொல்வளம், எழுத்துப் பயிற்சி, இலக்கணம், கட்டுரை எல்லாம் ஒரே கட்டாக வரும். எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது சரி. இவன் தடிமனான கதைப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அதில் வரும் கிழவர் ஏன் கடைசிவரை பொய் சொன்னார் என்று என்னைக் குடைவான். அதே பையன் எழுத உட்கார்ந்தால் ‘அவர்கள் வந்தது’ என்று எழுதுவான். ஐந்தாம் நிலையில் உட்கார வைத்தால் வேற்றுமை உருபும் தொகையும் வரும்போது நோட்டை மூடிவிடுவான். மொத்தமாக இரண்டாம் நிலைக்கு இறக்கினால் நாலு வரிக் கதையை வாசிக்கவேண்டியிருக்கும். மொழிப்பாடத்தில் அவனுக்கு இருக்கும் ஒரே பெருமையும் போய்விடும்.

நூலோடு வந்த நிலையறியும் தேர்வை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நிலை என்று காட்டியது. நான் அதை நம்பவில்லை. அந்தத் தேர்வு முழுக்க, கொடுத்திருப்பதில் சரியானதைத் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்விகள். ‘மாடுகள் மேய்ந்தது’, ‘மாடுகள் மேய்ந்தன’ இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவன் இரண்டாவதைத் தொட்டுக் காட்டுவான். அவ்வளவு வாசித்திருக்கிறான், கண்ணுக்கே தெரிந்துவிடும். மறுநாள் வெற்றுத் தாளில் ‘மாடுகள் மேஞ்சது’ என்று எழுதுவான். கண்டுபிடிக்கத் தெரிவது வேறு, எழுதும்போது கையில் வருவது வேறு. அவன் தானாக எழுதியதை வைத்துத்தான் நிலையைத் தீர்மானிக்க முடியும் என்று தோன்றியது. அப்படி அவன் தானாக எழுதிய முழுக் கதை என்று என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

அதுதான் அக்கா, அந்த நாய்க் கதை.

உனக்காக எழுதிய கதை அது. நீ வருகிறாய் என்று தெரிந்ததும் கேட்காமலேயே எழுதத் தொடங்கினான். வழி தெரியாமல் போன நாய், தெருநாய்க் கூட்டம், மழை, ஒரு பாலம். நீ உட்கார்ந்ததும் கொண்டுவந்து நீட்டினான். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டாய். அப்புறம் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாய். அவன் உன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு உன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வட்டத்துக்குச் சிரித்தான். இரண்டாவது பக்கம் திரும்பும்போது சிரிப்பு இல்லை, பேனா போகும் இடமெல்லாம் அவன் கண் போய்க்கொண்டிருந்தது. ‘நாய்கள் ஓடியது’ என்பதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டாய். மை தாளின் பின்பக்கம் வரை ஊறியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவன் கேட்டான்: “பெரியம்மா, நாய்க்குக் கடைசில என்ன ஆச்சுன்னு படிச்சீங்களா?”

“படிச்சேன்டா கண்ணு. மொதல்ல இதையெல்லாம் திருத்தி எழுது.”

நீ கோபமாகச் சொல்லவில்லை. அவன் தலையைத் தடவித்தான் சொன்னாய். அதையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் படிப்பவர்கள் உன்னைத் தப்பாக நினைப்பார்கள். ஆனால் அதன் பிறகு அவன் வெகுநாள் கதை எழுதவில்லை. நாய் வீட்டுக்கு வந்துவிட்டது அக்கா. பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி, விடிந்ததும் தன் வாசனையைத் தானே பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. பத்து வயதுப் பிள்ளை யோசித்த முடிவு அது. உன் பேனா அதைத் தாண்டிப் போய்விட்டது.

அந்தத் தாளைத்தான் எடுத்து வைத்து, உன் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றுகூடத் தவறில்லை. உன் கண்ணுக்குத் தப்பிய பிழையும் இல்லை. எந்தத் தேர்வும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் நீ எல்லா வட்டத்தையும் ஒரே மாதிரி போட்டிருந்தாய். எனக்கு அவை ஒரே மாதிரி தெரியவில்லை.

‘நாய்கள் ஓடியது’, ‘அவங்க சொன்னாங்க’ போன்றவற்றில் அவனைக் கெடுப்பது அவன் காது. நாம் பேசும்போது ஒரு நாயும் ‘ஓடுச்சு’தான், பத்து நாயும் ‘ஓடுச்சு’தான். பேச்சில் பலவின்பாலுக்குத் தனி முடிவு கிடையாது. அவன் பேச்சின் இலக்கணத்தைத் துளி பிசகாமல் எழுதுகிறான், எழுத்தின் இலக்கணம் வேறு என்பதை யாரும் அவனுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘மரத்தில் ஏரினான்’, ‘கன் திறந்தது’ போன்றவற்றில் காதுக்கு வேலையே இல்லை. அவன் வாயிலும் என் வாயிலும் ரகரமும் றகரமும் ஒன்றாகத்தான் வருகின்றன, னகரமும் ணகரமும் அப்படியே. அதைக் கண்ணால்தான் பிடிக்கவேண்டும், பார்த்து எழுதி எழுதித்தான் வரும். நீ அதிகம் கவலைப்பட்டது ‘தேடி பார்த்தான்’, ‘அந்த பாலம்’ என்று ஒற்று விட்ட இடங்களைப் பற்றி. அங்கே காது உதவிக்கு வரும். ‘தேடிப் பாத்தான்’ என்று சொல்லிப் பார் என்றால் அவன் வாயில் அந்தப் ‘ப்’ தானாக அழுந்துகிறது. சொல்லிப் பார்த்துவிட்டு எழுது என்றேன், இப்போது பாதி இடங்களில் விதி தெரியாமலே ஒற்றுப் போடுகிறான்.

இப்படிப் பிரித்ததும் நிலை தானாக வந்துவிட்டது. முதல் வகைதான் உண்மையான இடைவெளி. ஒருமை பன்மை, பால், எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்று. இவை இரண்டாம் நிலைப் புத்தகத்தில் இருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் எந்த நிலையும் தேவையில்லை, தினமும் கொஞ்சம் பயிற்சி போதும்.

எழுத்திலிருந்துதான் தொடங்கவேண்டும், புணர்ச்சியை முதலில் முடித்துவிடு என்று நீ சொன்னதை மறக்கவில்லை. நன்னூலை நீ கரைத்துக் குடித்தவள். எழுத்ததிகாரத்தின் ஐந்து இயல்களில் மூன்று புணர்ச்சிக்கே போகின்றன, சொல்லதிகாரம் அப்புறம்தான் வருகிறது என்று உன்னோடு நான் வாதாட முடியாது. ஆனால் அது மொழி கைவந்தவனுக்கு மொழியின் அமைப்பைக் காட்டும் நூல் அக்கா. விளக்கும் வரிசையே கற்பிக்கும் வரிசையாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வாக்கியமே சரியாக முடியாத பையனிடம் குற்றியலுகரப் புணர்ச்சியைக் கொண்டுபோனால் எதில் ஒட்டும்?

இலக்கணமே வேண்டாம், நிறைய வாசித்தால் வந்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் ஆய்வுகளைப் படித்தேன். அமெரிக்காவில் 1963இல் பிராடக்கும் அவரோடு இருந்தவர்களும் தந்த அறிக்கை, இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை என்றது. 2007இல் ஸ்டீவ் கிரகாமும் டோலரஸ் பெரினும் நான்காம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தனியாக நடத்திய இலக்கணம் அங்கேயும் கைகொடுக்கவில்லை, சிறு வாக்கியங்களைச் சேர்த்துப் பெரிய வாக்கியமாக எழுதும் பயிற்சி கைகொடுத்தது. ஆனால் அவை ஆங்கில எழுத்தைப் பற்றியவை. நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் அங்கே இல்லை. வாசித்தாலே வந்துவிடும் என்றால் இந்நேரம் இவனுக்கு வந்திருக்கவேண்டும். அந்த இடத்தில் நான் உன் பக்கம்தான். சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.

வாக்கியம் சேர்ப்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ‘மழை பெய்தது. நாய் நனைந்தது. நாய் பாலத்துக்கு அடியில் ஒதுங்கியது.’ இதை ஒரே வாக்கியமாக்கு என்றால், ‘மழையில் நனைந்த நாய் பாலத்துக்கு அடியில் ஒதுங்கியது’ என்கிறான். இல்லாவிட்டால், ‘மழை பெய்ததால் நனைந்துபோய்...’ என்று வேறு வழியில் போகிறான். பெயரெச்சமும் வினையெச்சமும் அவன் கையில் வந்தாகிவிட்டது, பெயர்தான் தெரியாது. பெயர் பிறகு வரட்டும்.

அன்றாடம் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் மணி நேரத்துக்கு மேல் போவதில்லை. பாடத்தின் கடைசிப் பயிற்சியை முதலில் வாயால் கேட்பேன், தெரிந்திருந்தால் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடுவோம். தாண்டாத பாடத்துக்குப் பிறகு அவன் வாசிக்கும் ஐந்தாம் நிலைக் கதையிலிருந்தே இரண்டு வாக்கியம் சொல்வேன், எழுதுவான், புத்தகத்தைப் பார்த்து அவனே திருத்துவான். ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையைத்தான் தேடுவோம், மற்றதைக் கண்டுகொள்ள மாட்டேன். மூன்றாம் நிலைக்கு எப்போது ஏற்றுவது என்பதற்குப் பயிற்சித்தாள் மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டேன். அவன் சொந்தமாக எழுதுவதில் பன்மைக்குப் பன்மை வினை தொடர்ந்து வரவேண்டும். அட்டையில் இருக்கும் ‘2’ஐ அவனிடம் மறைக்கவும் இல்லை. “இது உன் வயசுக்கான புத்தகம் இல்ல, விட்டுப்போன பாடத்துக்கான புத்தகம்” என்றேன். “சரி, எப்ப முடியும்?” என்று மட்டும் கேட்டான்.

பத்து வயதுப் பையனை இரண்டாம் நிலையில் உட்கார வைத்தால் பெயர் கெட்டுவிடும் என்றாய். யாருடைய பெயர் அக்கா? அவனுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. அந்தப் பேச்சு என்னை எவ்வளவு தூரம் தள்ளியது என்று உனக்குத் தெரியாது.

அன்று இரவு நான் உன்னைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உள்ளறையில் அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் பேசினேன். அந்த நேரத்தில் வேறு எப்படிப் பேசியிருப்பேன் என்றும் தெரியவில்லை. வார்த்தைக்குத்தான் மன்னிப்பு, கோபத்துக்கு இல்லை.

எனக்குத் தமிழ் எப்படி வந்தது என்று நீ நினைக்கிறாய்? நீ போட்ட வட்டங்களால் என்று நினைக்கிறாய். விளக்கை அணைக்கச் சொல்லும்வரை பக்கத்தில் படுத்து எனக்கு வாசித்துக் காட்டுவாயே, ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிவுவரை விழுங்காமல், ‘சென்றன’, ‘கூவின’ என்று முழுசாக. அந்தக் குரல்தான் என் காதில் எழுத்துத் தமிழைப் போட்டது. இன்று எனக்கு எங்கே பன்மை வரவேண்டும் என்று விதி யோசிக்கத் தேவையில்லை. உன் குரல் வந்துவிடும். அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவனுக்குப் பேனாவை மட்டும் எடுத்துவந்தாயே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். ராத்திரி அவன் படுக்கும் நேரத்துக்குப் போன் செய்து பத்து நிமிஷம் வாசி. எந்தக் கதை என்று அவனே சொல்வான். நடுவில் கேள்வி கேட்டுச் சோதிக்காதே, எழுதச் சொல்லாதே. மூன்றாம் நிலைக்கு வந்ததும் வேற்றுமையை நீதான் எடுக்கவேண்டும். நான்காம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் நான் சொல்லும் விளக்கம் எனக்கே திருப்தியாக இல்லை. அதுவரை அவன் நோட்டில் நீ எதுவும் எழுதவேண்டாம். வாசிக்கச் சம்மதம் என்றால் அவனுக்கே போன் செய்து சொல், என்னிடம் சொல்லவேண்டியதில்லை.

உன் தங்கை