அம்மாவின் சிறுநீர்த் தொற்று அடங்கியது: உதவிய எல்லோருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, சர்க்கரையும் உண்டு. நீர்க்கடுப்பு மாற்றி மாற்றி வந்து அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது. இப்போது பல மாதமாகத் தொந்தரவு இல்லை. போன வாரம் திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போய்விட்டு வந்தார். இதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் சொன்னது போதாது என்று தோன்றியதால் இந்த மடல்.

முதலில், குளிர்காய்ச்சலும் விலா வலியுமாக அம்மாவைக் கொண்டுவந்த இரவில் டூட்டியில் இருந்த டாக்டர் அம்மாவுக்கு. அதுவரை சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்ஸிம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரை எழுதினார்களே தவிர, யாரும் கல்ச்சர் (கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) பார்க்கச் சொல்லவில்லை. நீங்கள்தான் முதல் ஊசி போடுவதற்கு முன்பே சிறுநீரையும் ரத்தத்தையும் எடுத்து லேபுக்கு அனுப்பினீர்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி லேபில் வளராமல் போகலாம் என்று, அந்த அவசரத்திலும் எங்களுக்குப் புரியும்படி சொன்னீர்கள்.

அடுத்து, மைக்ரோபயாலஜி டாக்டருக்கு. நோயாளிகள் உங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்', 'ஆர்' என்று, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது என்று, இருந்ததைப் பார்த்துப் பயந்துபோய் வந்த என்னை உட்காரவைத்து, கிருமியை வளர்த்த தட்டையே காட்டினீர்கள். கிருமி மெல்லிய படலமாகப் படர்ந்திருந்தது. மேலே பொட்டுப் பொட்டாக மருந்து வில்லைகள். சிலவற்றைச் சுற்றி அகலமாக, தெளிவாக ஒரு வட்டம்; அங்கே கிருமி வளரவில்லை. செஃபிக்ஸிம் வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி முட்டிக்கொண்டு நின்றது. குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலி என்ற கிருமிதான், ஆனால் இந்த வகை மருந்துகளை உடைக்கும் என்சைமைத் தானே தயாரிக்கிற ஈ.கோலி என்றீர்கள். அம்மா இத்தனை மாத்திரை விழுங்கியும் ஏன் கேட்கவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது.

கிட்னி வரை ஏறிவிட்டதால் அப்போது ஊசிதான் வழி. பின்னால் சிறுநீர்ப்பைக்குள் மட்டும் தொற்று வந்தபோது நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை போதுமானதாக இருந்தது. 1950களில் வந்த பழைய மருந்து அது. விலை கூடிய புது மருந்துக்குத் தாவாமல், கல்ச்சரையும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் பார்த்து அதை எழுதிய பெரிய டாக்டருக்கு நன்றி. இன்னொரு தடவை ரிப்போர்ட்டில் கிருமி இருந்தும் அம்மாவுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. "ரிப்போர்ட்டுக்கு மருந்து வேண்டாம், ஆளுக்குத்தான் மருந்து" என்று சொல்லி ஒன்றுமே எழுதாமல் அனுப்பினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மகப்பேறு டாக்டர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், பிறப்புறுப்பில் காவல் இருக்கும் நல்ல கிருமிகளும் குறைந்து தொற்று எளிதில் ஏறுகிறது என்று கூச்சமில்லாமல் பேசி, உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொடுத்தீர்கள். திரும்பத் திரும்ப வந்தது நின்றதில் இதற்குப் பெரும் பங்கு என்றே நம்புகிறேன். இந்த வயதுப் பெண்கள் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியும்?

மருந்துக்கடை அண்ணாச்சி, சீட்டு இல்லாமல் கேட்டவர்களிடம் நீங்கள் முடியாது என்று சொன்னதை நின்று பார்த்திருக்கிறேன். சிவப்புக் கட்டம் போட்ட ஹெச்1 மருந்து (டாக்டர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய பட்டியலில் உள்ளது) என்றால் டாக்டர் பேர், நோயாளி பேர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கொடுப்பீர்கள். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இருப்பதற்கு மனசு வேண்டும்.

அந்த ஹெச்1 விதி நடைமுறைக்கு வந்தது 2014 மார்ச்சில். அதற்கு முன்பே, 2012-இல், நாட்டின் மருத்துவச் சங்கங்களைச் சென்னையில் கூட்டி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்காகச் 'சென்னைப் பிரகடனம்' வரக் காரணமாக இருந்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். அவருக்கும், உடன் நின்றவர்களுக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

கடைசியாக, வார்டில் ராத்திரி முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் தங்கைகளுக்கும், நான் வேலைக்குப் போன நேரத்தில் மறக்காமல் தண்ணீர் குடிக்க வைத்த எதிர்வீட்டு அத்தைக்கும். அத்தை, அடுத்த கல்ச்சர் எடுக்க வேண்டி வந்தால் நீங்கள்தான் கூட வர வேண்டுமாம். அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
மகள்