ஊசி போட்டதும் எழுந்து வந்துவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

வியாழக்கிழமை பாப்பாவுக்கு ஒன்பது மாத ஊசி என்றாயே. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர். ஊசி போடுவார்கள், கூடவே வைட்டமின் ஏ சிரப் 1 லட்சம் யூனிட் வாயில் ஊற்றுவார்கள். அதெல்லாம் அவர்கள் பாடு. குழந்தை அழுகிறாள் என்று உடனே கிளம்பிவிடாமல் சாப்பாட்டுப் பேச்சை நீயே எடு. நர்சாக இருந்தவள் சொல்கிறேன், கூட்டமான நாளில் தானாக யாரும் கேட்கமாட்டார்கள்.

எடை ஏறவில்லை என்று புலம்பினாய். ஆறு மாதத்துக்கு மேல் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். தடுப்பூசி அட்டையில் அவள் எடையைக் குறித்து வரும் கோட்டைப் பார். அது தன் போக்கில் மேலே போனால், பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை கிலோ இருந்தால் நமக்கென்ன? கோடு படுத்துவிட்டால்தான் கேட்க வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. வீடியோவில் கிண்ணத்தில் இருந்தது வெறும் பருப்புத் தண்ணீர். அந்தச் சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதம் வேண்டும். பருப்பும் சாதமும் கையால் பிசைந்து, ஒரு தேக்கரண்டி நெய் விட்டுக் கொடு. மிக்சியில் அடிக்காதே, இப்போது மென்று தின்னப் பழகாவிட்டால் பிறகு துப்புவாள். வேளைக்கு அரை கப், நாளுக்கு மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம்.

பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு தீர ஆரம்பிக்கும். தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான். முட்டை முழுசாகவே கொடுக்கலாம், வெள்ளையை ஒதுக்க வேண்டாம். முருங்கைக்கீரையை மசித்து இரண்டு சொட்டு எலுமிச்சை பிழி. வாரம் இரண்டு தடவை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் உண்டு, கேட்டு வாங்கு. மலம் கறுத்தால் பயப்படாதே.

சம்பந்தியம்மா நாக்கில் தேன் தடவுகிறாராமே! ஒரு வயது வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். நீ சொன்னால் வீட்டில் சண்டை வரும். டாக்டர் வாயால் சொல்ல வை. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகுதான். உப்பும் சர்க்கரையும் இப்போது வேண்டாம். உனக்குச் சப்பென்று இருப்பது அவளுக்கு ருசிதான். முழு வேர்க்கடலையைக் கண்ணிலேயே காட்டாதே, புரையேறும்.

மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும், நீ நிதானமாகக் கேள். வந்ததும் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா