மச்சாள், கிறிஸ்மஸுக்கு வராதீர்கள்

அன்புள்ள மச்சாள்,

டிசம்பர் கடைசிக் கிழமைக்கு ரிக்கற் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அண்ணா சொன்னார். காசு கட்டுவதற்கு முன் இதை ஒருக்கால் வாசியுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு வருவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. திகதிதான் பிழை.

சுவிஸ் கிறிஸ்மஸ் என்றால் எல்லோருக்கும் பனி மூடிய மரவீடுதான் கண்ணில் வரும். ரொறன்ரோவில் காலையில் எழும்பிக் காரில் பனி சுரண்டுகிற உங்களுக்குப் பனி என்ன புதினமா? அதோடு நாங்கள் இருக்கிற பேர்ன் பக்கம் தாழ்நிலம். டிசம்பரில் இங்கே பனியை விடப் புகார்தான் அதிகம். நாள் கணக்கில் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும்.

சரி, கிறிஸ்மஸ் அன்றைக்கு என்ன நடக்கும்? 24ஆம் திகதி பின்னேரம் கடைகள் பூட்டிவிடும். கிறிஸ்மஸ் சந்தைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே கழற்றியாகிவிடும். பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். வீட்டுக்குள்ளே குடும்பம் மேசையைச் சுற்றி இருந்து, கொதிக்கிற சூப்புச் சட்டிக்குள் மெல்லிசாகச் சீவிய இறைச்சியை நீளமான முள்ளுக்கரண்டியில் குத்தித் தோய்த்துச் சாப்பிடும். ஃபொண்டு ஷினுவாஸ் என்பார்கள். மரத்தில் மின்குமிழ் போடாமல் உண்மையான மெழுகுதிரி கொளுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் இருக்கும். வடிவுதான். ஆனால் அழைப்பில்லாமல் போய் எட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் என் வீட்டு சோபாவில் இருந்து இரண்டு நாள் ரீவி பார்ப்பீர்கள். அதற்கு அட்லாண்டிக் தாண்டி வரவேண்டுமா?

இந்த நாட்டின் உண்மையான கொண்டாட்டக் காலம் நவம்பரும் டிசம்பரின் முதற்பாதியும். வெயில் காலை எட்டு மணிக்குத்தான் தலைகாட்டும், ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். அந்த இருட்டுக்குள்தான் இவர்கள் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள். அதிலும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிக் கொண்டாட்டம். பக்கத்து மாநிலத்துக்காரனுக்கே அது தெரியாமல் இருக்கும்.

நவம்பர் தொடக்கத்தில் சின்னப் பிள்ளைகளின் ராபெலியெக்ட்லி ஊர்வலம். ஊதாவும் வெள்ளையுமான ஒருவகைக் கிழங்கைக் கரண்டியால் குடைந்து, தோலில் நிலா, நட்சத்திரம் செதுக்கி, உள்ளே மெழுகுதிரி வைத்துத் தடியில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். தெருவிளக்கை அணைத்துவிடுவார்கள். சுவர் மெல்லிசாக வந்தால்தான் வெளிச்சம் ஊடுருவும், மெல்லிசாகக் குடைந்தால் ஓட்டையாகும். பிள்ளையின் விளக்கு என்று பெயர், விரல் நோவது அம்மாவுக்கு. மெழுகுதிரிச் சூட்டில் மூடி மெல்ல வெந்து ஒரு கோவா மணம் வரும், அது கையை விட்டுப் போக இரண்டு நாளாகும். சூரிச் ஏரிக்கரையில் ரிக்டர்ஸ்வீல் என்ற ஊரில் தொன்கணக்கான கிழங்கில் இதைப் பெரிய திருவிழாவாகவே செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தை அவ்வளவு நாள் விடமுடியாது என்பீர்கள், அதனால் இதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் பேர்ன் வெங்காயச் சந்தையை விடமாட்டேன். சிபலமேரிட். நவம்பர் நாலாவது திங்கட்கிழமை. விடியுமுன் ரயிலில் போகவேண்டும், பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கினாலும் பரவாயில்லை. நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் இருட்டுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு விவசாயிகள் வெங்காயச் சடை விற்பார்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வெங்காயத்தைத் தாளோடு பின்னி, இடையிடையே காய்ந்த பூ செருகியிருப்பார்கள். நான் ஒவ்வொரு வருடமும் ஒன்று வாங்கிக் குசினியில் தொங்கவிடுவேன், சமையலுக்கு வெட்ட மனம் வராது. 1405இல் பேர்ன் எரிந்தபோது உதவிக்கு வந்த ஃபிரைபூர்க் ஆட்களுக்கு வெங்காயம் விற்கும் உரிமை கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். சரித்திரம் படித்தவர்கள் இந்தச் சந்தைக்கு அவ்வளவு வயதில்லை என்கிறார்கள். எனக்குக் கதைதான் பிடிக்கும். சூடான வெங்காயக் கேக் சாப்பிடலாம். பன்றி இறைச்சித் துண்டு போட்டதும் உண்டு, கேட்டு வாங்குங்கள். நேரம் போகப் போகப் பிள்ளைகள் கடதாசித் துகளை அள்ளி ஆள் பார்க்காமல் எறிவார்கள். உங்கள் சின்னவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. நல்ல கோட் போடவேண்டாம்.

அடுத்த கிழமை வீட்டிலேயே இருப்போம். டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து எங்கள் கிராமத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டு யன்னல் புதிதாக அலங்காரத்தோடு ஒளிரும், 24 நாளுக்கு 24 யன்னல். சில வீடுகளில் சூப்பும் பழச்சாறும் கொடுப்பார்கள், வருடம் முழுவதும் தலையாட்டலோடு நிற்கிற அயலவர் அன்றைக்குத்தான் வாய் திறப்பார். கார்த்திகை விளக்கீடும் இந்த நாட்களை ஒட்டித்தான் வரும். பல்கனியில் நான் சிட்டி விளக்கு வைத்தால் கீழ்வீட்டு அம்மா தங்கள் பண்டிகைக்குத்தான் வைத்தேன் என்று நினைத்துக் கைகாட்டிவிட்டுப் போவார். நானும் திருத்துவதில்லை. பகலில் பிள்ளைகளை வைத்துக் குவெட்ஸ்லி என்கிற கிறிஸ்மஸ் பிஸ்கட் சுடலாம். மைலெண்டர்லி என்பது வெண்ணெயும் எலுமிச்சைத் தோலும் போட்ட பிஸ்கட், மேலே முட்டை மஞ்சள்கரு பூசுவது. புரூன்ஸ்லி பாதாமும் சொக்லேட்டும். அதற்குக் கொஞ்சம் கிர்ஷ் சாராயம் விடுவார்கள், நான் விடுவதில்லை, அண்ணாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

டிசம்பர் 5ஆம் திகதிக்கு ரீகி மலை. புகாருக்கு மேலே ஏறிவிட்டால் பளிச்சென்ற வெயில், கீழே பஞ்சு விரித்த கடல். விற்ஸ்னாவிலிருந்து மேலே போகிற ரயில் 1871இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். இரவு மலையடிவாரத்தில் குஸ்நாக்ட் ஊரில் கிளவுஸ்யாகன் என்ற ஊர்வலம். முதலில் சாட்டை அடிக்கிற சத்தம் வரும். பிறகு கத்தோலிக்க ஆயர்களின் தொப்பி வடிவத்தில் ஆளுயரத்துக்கும் மேலான காகிதக் கோபுரங்கள். மட்டையில் தேவாலய யன்னல் போல நுணுக்கமாக வெட்டிப் பின்னால் வண்ணக் கடதாசி ஒட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றித் தலையில் சுமந்தபடி சுழன்று ஆடி வருவார்கள். பின்னால் பெரிய பெரிய மாட்டு மணிகள். சின்னவள் பயந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் ஆண்கள் மட்டும்தான். இந்தக் காலத்திலும் இது எனக்கு ஒவ்வாது, இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் 6ஆம் திகதி சமிக்லவுஸ், அதாவது புனித நிக்கலஸ், வீட்டுக்கு வருவார். கிறிஸ்மஸ் தாத்தா என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், இவர் வேறு ஆள். கிறிஸ்மஸ் பரிசு கொண்டுவருவது இங்கே குழந்தை இயேசுவின் வேலை. சமிக்லவுஸ் சிவப்பு அங்கி போட்டு, பெரிய புத்தகம் ஒன்றோடு வருவார். கூடவே கரிய முகமும் சாக்கும் சுள்ளிக்கட்டுமாக அவருடைய உதவியாள் ஷ்முட்ஸ்லி. புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளையின் நல்லது கெட்டது எல்லாம் எழுதியிருக்கும், எழுதிக் கொடுப்பது பெற்றோர்தான். பிள்ளை ஒரு பாட்டுச் சொன்னால் சாக்கிலிருந்து மண்டரினும் வால்நட் கொட்டையும் கோதோடு வறுத்த கச்சானும் கொட்டுவார். நிலத்தில் கொட்டிய கச்சானைப் பொறுக்கும்போது எனக்கு நல்லூர்த் திருவிழா முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கச்சான் சரைதான் ஞாபகம் வரும். அன்று காலைச் சாப்பாடு கிரிட்டிபென்ஸ், முந்திரிகை வற்றல் கண் வைத்த பாண் மனிதன். முதலில் தலையைக் கடிப்பதா காலைக் கடிப்பதா என்று வீட்டில் சண்டை வரும்.

ஜெனீவாவின் எஸ்கலாட் விழா வரை நின்றால் இன்னும் நல்லது. 1602 டிசம்பரில் பக்கத்துச் சவோய் நாட்டுப் படை இரவோடு இரவாக மதிலேறி வந்தபோது ஒரு அம்மா கொதிக்கிற சூப்புப் பானையைத் தலையில் கவிழ்த்தாராம். அதனால் சொக்லேட் பானை செய்து, வீட்டில் வயது கூடியவரும் குறைந்தவரும் சேர்ந்து அடித்து உடைப்பார்கள். உள்ளே மர்சிபான் மரக்கறி. ஒரு வார இறுதிப் பயணம்தான்.

பள்ளிக்கூடம் என்று அண்ணா நிச்சயம் சொல்லுவார். பெரியவன் இன்னும் நாலாம் வகுப்பு, ரீச்சரிடம் பாடத்தை வாங்கி வாருங்கள், நான் இருந்து படிப்பிக்கிறேன்.

கெதியாகப் பதில் போடுங்கள். எங்கள் ஊரில் சமிக்லவுஸை வீட்டுக்குக் கூப்பிட முன்கூட்டியே பதிய வேண்டும், நல்ல நேரமெல்லாம் முதலில் போய்விடும். பதியும்போதே ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கவேண்டும். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் நானே எழுதுவேன். சின்னவனைப் பற்றி என்ன எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள், இடம் காணாது. தமிழ்ப் பாட்டு ஒன்றும் பாடமாக்கி வரட்டும், அந்தத் தாத்தாவுக்கு எந்த மொழியும் சம்மதம்.

அன்புடன்,
பிள்ளைகளின் மாமி